விழாமல் காப்போம், விழுந்தோரைத் தாங்குவோம்

(யூபிலி விழாவையொட்டி, பங்கின் முதியோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பங்கு மண்டபத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கோவிலுக்கு வர்ணம் பூசுகிறோம். மணிக்கூண்டைப் பழுது பார்க்கிறோம். எங்கே விரிசல், எங்கே ஒழுக்கு என்று ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறோம். நல்லது. ஆனால் இந்தக் கோவிலை இத்தனை ஆண்டு தாங்கி வந்தவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் எங்கே விரிசல், எங்கே ஆட்டம் என்று பார்க்க நாம் ஏணி வைத்தோமா? அதைச் சற்றுப் பார்ப்பதற்காகவே பங்குத்தந்தை அவர்கள் இன்று எனக்கு இந்தப் பொருளைத் தந்திருக்கிறார்கள்: வயதானவர்கள் கீழே விழுவதும், அதைத் தடுப்பதும்.

"வயசானா விழத்தான் செய்வாங்க, இதுக்கு ஒரு பிரசங்கமா?" என்று சிலர் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கைக் கேளுங்கள். உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். தற்செயலாக நேரும் காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்போரில் மிகுதியானவர் 60 வயதைக் கடந்தவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டில் ஒரு முறையாவது விழுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நூற்றுக்குப் பத்துப் பேர் 60-ஐக் கடந்தவர்கள். அந்தப் பங்கு அதன் பின்னும் ஏறிக்கொண்டே வருகிறது. ஆகவே இது நம் ஒவ்வொரு வீட்டுக் கதை.

ஏலி ஏன் விழுந்தார்?

திருவிவிலியத்திலேயே ஒரு முதியவர் விழுந்து இறந்த செய்தி இருக்கிறது. சாமுவேல் முதல் நூல், நான்காம் அதிகாரம். குரு ஏலிக்கு அப்போது வயது 98. கண் பார்வை போய்விட்டது. உடல் பருத்திருந்தது. வாயிலின் அருகே இருக்கையில் உட்கார்ந்து போர்க்களச் செய்திக்காகக் காத்திருந்தார். புதல்வர் இருவரும் மாண்டார்கள், கடவுளின் பேழை பகைவர் கையில் சிக்கியது என்று ஓடிவந்தவன் சொன்னான். பேழை என்ற சொல் காதில் விழுந்ததுமே முதியவர் இருக்கையிலிருந்து பின்புறமாகச் சாய்ந்து விழுந்தார். கழுத்து முறிந்து உயிர் பிரிந்தது.

ஏலியைக் கொன்றது எது? வயதா? பார்வைக் குறைவா? உடல் பாரமா? அவர் அமர்ந்திருந்த இடமா? கேட்ட செய்தியின் அதிர்ச்சியா? ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனையும் ஒரே கணத்தில் ஒன்றுகூடின. இன்று நான் சொல்ல வந்த செய்தியின் கரு இதுதான். முதியவர் விழுவது பெரும்பாலும் ஒரு நோயால் அல்ல. ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றும் நாலைந்து குறைகள் ஒரு நொடியில் சந்திப்பதால் விழுகிறார்.

இதை எண்ணிக் காட்டியவர் மேரி டினெட்டி என்ற அமெரிக்க மருத்துவர். நியூ ஹேவன் நகரில் 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை அவரும் உடனாளர்களும் ஓராண்டு தொடர்ந்து கவனித்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்க மாத்திரை, அறிவு மங்கல், கால் பலவீனம், பாதக் கோளாறு, தள்ளாட்டம் முதலியவற்றைக் குறைகளாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேரே விழுந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 78 பேர் விழுந்தார்கள். எட்டுக்கும் எழுபத்தெட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்!

மனந்தளர வேண்டாம். அதே மருத்துவர் 1994-இல் இன்னொரு சோதனையின் முடிவைச் சொன்னார். 70 வயதுக்கு மேற்பட்ட 301 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு ஒவ்வொருவரின் குறையையும் பார்த்து, மாத்திரையைச் சீர்செய்து, பயிற்சி கொடுத்து, வீட்டு இடைஞ்சல்களை நீக்கினார்கள். ஓராண்டில் இவர்களில் நூற்றுக்கு 35 பேர் விழுந்தார்கள். மற்றப் பிரிவில் 47 பேர் விழுந்தார்கள். வயதை யாரும் குறைக்கவில்லை. நோயை முழுதும் போக்கவுமில்லை. நூலிழை நூலிழையாகச் சில குறைகளைக் களைந்ததற்கே இந்தப் பலன்.

நோய்கள் கைகோர்க்கும் விதம்

நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை மனதில் கொள்ளுங்கள். அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை நாட்பட்டால் பாதத்து நரம்பு மரத்துப்போகிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை, தரை மேடா பள்ளமா என்று கால் மூளைக்குச் சொல்வதில்லை. அவருக்கு இரத்த அழுத்தமும் உண்டு, அதற்கு மாத்திரை உண்டு. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்கு ஒரு நொடி குறைகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் அழுத்தத்தின் மேல் எண் 20 குறைந்தால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கொள்கிறார்கள். உட்கார வைத்து மட்டும் அழுத்தம் பார்த்தால் அது தெரியாது. "நிற்க வைத்தும் ஒரு தடவை பாருங்கள், டாக்டர்" என்று நீங்கள் கேட்கலாம்.

இன்னும் உண்டு. கண்ணில் புரை. முழங்காலில் வாதம். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பெண்களுக்கு நீரை அடக்க முடியாமை. இராத்திரி மூன்று முறை எழ வேண்டும். நம் மலைக் குளிரில் அது நாலாகும். தூக்கம் கெடுகிறது என்று தூக்க மாத்திரை. மூட்டு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஒன்று. இப்போது இரவு இரண்டு மணி. தூக்க மாத்திரையின் மயக்கம், எழுந்ததும் தலைச்சுற்றல், மரத்த பாதம், மங்கிய கண், அவசரம், அணைந்திருக்கும் விளக்கு. கொல்லைப்புறக் கதவுப்படியில் அத்தனையும் ஒன்று சேர்கின்றன. மறுநாள் ஊரார், "வழுக்கி விழுந்துட்டார்" என்கிறார்கள். வழுக்கியது கடைசி நொடியில்தான்.

இத்துடன் நம் ஊரின் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி உயரத்தில் சமதரை என்பது நமக்கு அருமை. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையே படி, படிக்குப் படி உயரம் வேறு. மழை மாதங்களில் கல்லில் பாசி. தைல மரத்து இலையும் பைன் ஊசியும் நனைந்து கிடந்தால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். மார்கழி, தையில் விடியற்காலை உறைபனி. பிற்பகலில் மஞ்சு இறங்கினால் பத்தடியில் ஆள் தெரியாது. வீட்டினுள்ளே, மெழுகிய சிவப்புச் சிமெண்டுத் தரையில் கம்பளிக் காலுறையோடு நடக்கிறோம். தோளில் போர்த்திய கம்பளி காலில் தடுக்குகிறது. "குளிருக்குக் கொஞ்சம்" என்று பிராந்தி எடுத்துக்கொள்ளும் தாத்தாமாரும் உண்டு, பெயர் சொல்லப்போவதில்லை! அது குளிரைப் போக்குவதில்லை, காலைத்தான் வாருகிறது.

மலையில் விழுந்தால் வைத்தியத்துக்கும் வழி நீளம். 1914 வாக்கில் லா காட் ரோடு வருமுன் மலையேறினவர் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். சாலை எட்டாத வெள்ளகவி போன்ற ஊர்களில் நெடுங்காலம் நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கினார்கள். இன்றும் பெரிய எலும்பு முறிவென்றால் வளைவு வளைவாக இறங்கித் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ 120 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கோ போக நேர்கிறது. இடுப்பு எலும்பு முறிந்தவர் அந்த ஒவ்வொரு வளைவையும் எலும்பால் எண்ணுவார். ஆகவே சமவெளியாரைவிட நமக்கு முன்காப்பு அதிகம் வேண்டும்.

பாப்பரசர்களும் விழுந்தார்கள்

விழுவது அவமானம் என்று எண்ணும் பெரியோர்களுக்காக இதைச் சொல்கிறேன். புனித இரண்டாம் யோவான் பவுல் பனிச்சறுக்கு ஆடியவர், மலையேறியவர். 1993 நவம்பரில் ஒரு சந்திப்பின்போது படியில் தடுமாறி விழுந்து தோள்மூட்டு விலகியது. ஆறு மாதம் ஆகுமுன், 1994 ஏப்ரல் 28 இரவு, குளியலறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. செயற்கை மூட்டு வைத்தார்கள், கைத்தடி வந்து சேர்ந்தது. அவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் இருந்தது பிற்பாடு உலகறியத் தெரிந்தது. முதல் வீழ்ச்சி இரண்டாவதற்கு அடித்த எச்சரிக்கை மணி.

திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் விடுமுறைக்குத் தங்கியிருந்தார். இரவில் பழக்கமில்லாத அறையில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வயது 82. வலியோடு காலைத் திருப்பலி நிறைவேற்றிவிட்டே மருத்துவமனை போனாராம். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் பெரியவர்களுக்கு இதில் பாடம் உண்டு. புது அறையில் முதல் இரவு விளக்கை அணைக்காதீர்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் முழங்கால் நோவால் 2022 மே முதல் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார். உலகம் பார்க்க அதில் வந்தார், வெட்கப்படவில்லை. 2024 டிசம்பரில் விழுந்து மோவாயில் கன்றிப்போயிற்று. 2025 ஜனவரி 16 அன்று மீண்டும் விழுந்து முன்கையில் அடிபட்டது. 2021-இல், ஜூலை மாத நான்காம் ஞாயிறை தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தியவரும் அவரே. மருத்துவரும் பணிவிடையாளரும் சூழ வாழ்ந்தவர்களே விழுந்தார்களென்றால், மேட்டுத்தெரு அம்மாச்சி விழுந்ததில் வெட்கம் என்ன இருக்கிறது?

மறைக்காதீர்கள், அடைத்துவைக்காதீர்கள்

ஆனாலும் மறைக்கிறார்கள். ஏன் என்று யோசித்தேன். விழுந்ததைச் சொன்னால், "இனி வெளியே கிளம்பாதே, கோவிலுக்கும் வேண்டாம், சும்மா உட்கார்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். ஒவ்வொரு நாளும் முதல் பூசைக்கு நடந்து வந்தவர்களுக்கு அது தண்டனை. எனவே முழங்கையின் சிராய்ப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள். மருத்துவர் கேட்டாலும், "ஒண்ணுமில்லே, சாமி" என்கிறார்கள்.

பிள்ளைகள் அன்பினால்தான் தடுக்கிறார்கள். எனினும் அந்த அன்பு கெடுதல் செய்கிறது. நடக்காத கால் சில வாரங்களிலேயே தசையை இழக்கிறது, பலவீனமான கால் மறுபடி தள்ளாடுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் நடையைக் குறைக்கிறது, குறைந்த நடை விழுதலைக் கொண்டுவருகிறது. உட்கார வைத்துக் காப்பாற்றப்பட்ட தாய், ஆறு மாதம் கழித்துக் கட்டிலிலிருந்து இறங்கும்போதே விழுகிறாள்.

ஆகவே இந்த யூபிலி நாளில் இரு தரப்பாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். பெரியோர்களே, விழுந்தால், விழப்பார்த்தாலும், மறைக்காமல் சொல்வோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, சொன்னவர்களைத் திட்டவும் மாட்டோம், அடைத்துவைக்கவும் மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். முதல் வாக்கு இல்லாமல் மருத்துவர் ஒன்றும் செய்ய இயலாது. இரண்டாம் வாக்கு இல்லாமல் முதல் வாக்கு வராது.

வீட்டில் செய்யத் தக்கவை

முதலில் மூன்று கேள்வி. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதும் நடக்கும்போதும் ஆட்டம் தெரிகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை இருக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சிறு சோதனை. கை வைத்த நாற்காலியில் பெரியவரை உட்கார வையுங்கள். மூன்று மீட்டர், அதாவது பத்தடி தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். எழுந்து, வழக்கம்போல் நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். கடிகாரம் ஒன்றிருந்தால் போதும், காசு செலவில்லை.

மருந்து விஷயம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்தும் இருமல் மருந்தும் உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தவை ஒன்றையொன்று அறியா. எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம், எதை இரவுக்கு மாற்றலாம் என்று அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவதால் வரும் கேடு வேறு.

கண் விஷயத்தில் நாம் பாக்கியவான்கள். கீழே மதுரையில், மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்தது. முதல் கண்ணின் புரையை நாள் கடத்தாமல் எடுத்த மூதாட்டியர் குறைவாக விழுந்ததை இங்கிலாந்தில் கண்டறிந்திருக்கிறார்கள். "ஒரு கண்ணு தெரியுதே, போதும்" என்று தள்ளிப்போடாதீர்கள். மேலும் ஒரு குறிப்பு: தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே கண்ணாடியாக அணிபவர்கள் படியிறங்கும்போது அதன் கீழ்ப்பாதி வழியாகப் படியைப் பார்க்கிறார்கள், படி மங்குகிறது. தலையைத் தாழ்த்தி, கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும்.

வீட்டினுள் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மின்சாரம் போகும் ஊர் நம்முடையது, தலையணையடியில் டார்ச் இருக்கட்டும். கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடி அடியுங்கள். சோப்பு வைக்கும் பலகையைப் பிடித்து எழுவது பலகையையும் ஆளையும் சேர்த்துக் கொண்டுவரும். சாக்கு மிதியடிகளை எடுத்துவிடுங்கள். காலுறை போட்டால் அதன்மேல் அடி சொரசொரப்பான செருப்பு வேண்டும். படிகளின் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுங்கள். பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். தினம் எடுக்கும் சாமான்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும், பரணுக்காக ஸ்டூலில் ஏறும் ஆசையை இந்த யூபிலியோடு விட்டுவிடுங்கள். படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டி, ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு எழுங்கள். ஆன்மாவுக்கும் நலம், தலைச்சுற்றலுக்கும் மருந்து.

எல்லாவற்றிலும் மேலானது காலுக்கும் நிலைப்புக்கும் பயிற்சி. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் வகுத்த வீட்டுப் பயிற்சி முறை, விழுதலை மூன்றில் ஒரு பங்களவு குறைத்தது. வாரம் மூன்று நாள், அரை மணி. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்றல், பக்கவாட்டில் நடத்தல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல் என எளியவைதான். யாருக்கு எது தகும் என்று பிசியோதெரபி அறிந்தவர் சொல்லட்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருவதோடு, இயன்முறைப் பயிற்சியும் உண்டு. வரும் பணியாளரிடம் கேட்டுப் பெறுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். நம் நாட்டுக்கு முன்னோடி அது. முதுமையின் நோய்க்கு மருந்தில்லை என்று கைவிரிக்கும் காலம் நம் மாநிலத்தில் அன்றே முடிந்துவிட்டது.

கோவிலில் கவனிக்க வேண்டியவை

நம் பக்தியிலும் சில வழக்கங்கள் விழுதலுக்கு வழி வைக்கின்றன. காலை முதல் பூசைக்கு வரும் சர்க்கரை நோயாளிகள், மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, நற்கருணை வாங்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு வருகிறார்கள். நடுப்பூசையில் வியர்த்து மயங்குகிறார்கள். திருச்சபைச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசமே விதி. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அந்த ஒரு மணி விதியும் தடையில்லை. 1983-இல் வெளியான சட்டத் தொகுப்பின் 919-ஆம் சட்டம் இதைத் தெளிவாக அனுமதிக்கிறது. பெரிய வெள்ளி, விபூதிப் புதன் உபவாசக் கடமையும் 59 வயது நிறைந்தவுடன் முடிகிறது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

முழந்தாளிட இயலாதவர்கள் உட்கார்ந்தோ நின்றோ செபிக்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்டதே. முழந்தாளிலிருந்து எழும்போது முன்பெஞ்சைப் பற்றி எழுங்கள். நற்செய்திக்கு எல்லாரும் எழும்போது இரண்டு நொடி தாமதித்து எழுந்தால் பாவமில்லை. ஆகஸ்டில் சலேத் அன்னையின் திருவிழாவுக்கு மலைச்சரிவில் ஏறி இறங்கும் பெரியவர்கள் பகலில் வந்து போகட்டும். இரவுத் தேர்ப்பவனி நெரிசலில் கூட ஒரு இளைஞன் கை இருக்கட்டும். 1866-இல் சேசு சபைத் தந்தை லூயி சென் சீர் அந்த ஆலயத்தை எழுப்பிய நாளிலிருந்து எத்தனையோ தள்ளாத கால்கள் அங்கே ஏறியிருக்கின்றன. இனியும் ஏற வேண்டும், பத்திரமாக.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். பதறாமல், எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தைலம் தேய்க்கவோ இழுத்துக் கட்டவோ வேண்டாம். அசைக்காமல், போர்வை போர்த்தி, 108-ஐ அழையுங்கள். இடுப்பு முறிவுக்கு அறுவை இரண்டு நாளுக்குள் நடப்பது நல்லது. நாட்டுக்கட்டுக்கு நாலு வாரம் கொடுத்தால், படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் அந்த நாலு வாரத்தில் வந்துவிடும். தலையில் அடிபட்டால், குறிப்பாக இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவரானால், நன்றாயிருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளைமேல் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்தும் தெரியவரும்.

வலியில்லையென்றால் அவரே எழ வழி செய்யுங்கள். ஒருக்களித்துப் புரண்டு, கை முழந்தாளில் ஊன்றி, அருகே வைத்த நாற்காலியைப் பற்றி, பலமான காலை முன்வைத்து எழட்டும். தனியே இருப்பவர்கள் கைப்பேசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு விசில். எழ முடியாமல் குளிர்த்தரையில் மணிக்கணக்காகக் கிடப்பது அடிபட்டதைவிடக் கொடியது. முதியோர்க்கான உதவி எண் 14567. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பங்கின் கடமை

நம் பிள்ளைகள் கோவையிலும் சென்னையிலும் அரபு நாட்டிலும் இருக்கிறார்கள். மலைமேல் பெரியவர்கள் தனியே இருக்கிறார்கள். ஆகவே இது குடும்பத்தின் பொறுப்பு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. யூபிலி நினைவாக நம் பங்கு செய்யக்கூடிய நான்கு காரியங்களைப் பங்குத்தந்தை அவர்கள் முன் வைக்கிறேன். ஒன்று, கோவில் படிகளின் இருபுறமும் கைப்பிடிக் கம்பி, ஒரு பக்கம் சரிவுப் பாதை. இரண்டு, முன்பெஞ்சுகளில் கைவைத்த இருக்கைகள் சில. மூன்று, மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கும்போது செபமாலையோடு அந்த மூன்று கேள்வியையும் கேட்டு வருதல். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை வீட்டுக் கழிப்பறையில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுத்தல். நான்கு, இளைஞர் ஒவ்வொருவரும் தனியே வாழும் ஒரு பெரியவரை ஏற்று, ஞாயிறன்று கைபிடித்துப் பூசைக்கு அழைத்து வருதல். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு தோரண வாயிலுக்கு ஆகும் செலவு போதும்.

சிலுவைப் பாதையில் நம் ஆண்டவர் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் மூன்று முறை விழுகிறார். ஐந்தாம் ஸ்தலத்தில் சீரேனே ஊர் சீமோன் துணைக்கு வருகிறார். சீமோன் வந்த பின்னும் இரண்டு முறை விழுகிறார் என்பதைக் கவனியுங்கள். துணை இருந்தால் ஒருவரும் விழவே மாட்டார் என்று நான் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. சீமோன் ஆண்டவரை ஓரமாக உட்கார வைக்கவுமில்லை. பாரத்தில் ஒரு பங்கை ஏற்றார், கூடவே நடந்தார், ஆண்டவர் தாம் போக வேண்டிய இடத்துக்குப் போனார். நம் பெரியவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதும் இவ்வளவே. அவர்கள் நடக்கட்டும். நாம் கூட நடப்போம்.

கூட்டம் முடிந்ததும் வாயிலில் மூன்று படி இருக்கிறது. அவசரமில்லை. இளைஞர்கள் முதலில் எழுந்து வாருங்கள், முன்வரிசைக்கு ஆளுக்கொரு கை கொடுங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!